தங்கவயலிலிருந்து தில்லைக்கு: சுவாமி சகஜானந்தர்

பெங்களூருக்குக் கிழக்கே, போரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து ஒரு சிறிய ரயில் பாதை பிரிந்து மாரிக்குப்பம் வரை செல்கிறது. பத்து மைல்தான். ஆனால் வட ஆற்காடு மாவட்டத்தின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றிற்கு அந்தப் பத்து மைல் ஒரு யுகத்தைக் கடப்பதாக இருந்தது. ஊரில் பண்ணை வேலை, கடன், பஞ்சம், தீண்டாமை. அங்கே மாதந்தோறும் கூலி. 1880-ஆம் ஆண்டுக்குப் பின் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் முறையாகச் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும், சாம்பியன் ரீப், மைசூர், நந்திதுர்க்கம், ஊரிகம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆரணி, ஆம்பூர், குடியாத்தம், திருப்பத்தூர் பகுதிகளிலிருந்து வந்த ஆதிதிராவிடத் தமிழர்கள். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம் அது. இந்தியாவின் பெருநகரங்கள் பல இருளில் இருந்தபோது அங்கே சுரங்க இயந்திரங்கள் மின்விசையால் சுழன்றன. ஆயினும் தொழிலாளி குடியிருந்ததோ மூங்கில் தட்டி வேய்ந்த லைன் வீடு. பாறை வெடித்துச் சிதறும் விபத்தும், நுரையீரலில் படியும் கல்தூசியும் அவனுக்கு அன்றாட அச்சங்கள்.

இந்தத் தங்கவயலில் சில காலம் உழைத்து, பகலில் கூலியாகவும் இரவில் சாதகனாகவும் வாழ்ந்த ஓர் இளைஞர் பிற்காலத்தில் தில்லையில் ஒரு பெரும் பள்ளியை எழுப்பினார். அவர்தாம் சுவாமி சகஜானந்தர். அரசியல் நோக்கர்கள் அவரைச் சட்டமன்ற உறுப்பினராக நினைவில் வைத்திருக்கிறார்கள். கடலூர், சிதம்பரம் வட்டார மக்கள் நந்தனார் பள்ளியை நிறுவியவராகப் போற்றுகிறார்கள். எழுத்தறிவை அவர் எவ்வாறு அடைந்தார், அதை எவ்வாறு பிறருக்கு வழங்கினார் என்பதே இங்கு நாம் கருதப் புகும் செய்தி.

முனுசாமி

1890-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் அண்ணாமலை, அலமேலு தம்பதியருக்கு மூத்த மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. அக்காலத்தில் சேரிக் குழந்தை ஒருவன் எழுத்தைத் தொடுவது எளிதன்று. ஊர்த் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து அகரம் எழுதுவதும், சட்டாம்பிள்ளை முறை சொல்ல மற்றவர்கள் கூடச் சொல்வதும், அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி என்று ஏறுவதும் ஊர்ப் பிள்ளைகளுக்கு உரியவை. சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எட்டாதது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் ஒடுக்கப்பட்டோரின் நிலை குறித்து 1891-இல் அளித்த அறிக்கையும், அதையொட்டி 1893-இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணையும்தான் இவர்களுக்கெனத் தனிப் பள்ளிகளை அரசு ஊக்குவிப்பதற்கு வழி வகுத்தன. அடுத்த ஆண்டே, 1894-இல், கர்னல் ஆல்காட் அடையாறுக்கு அருகே ஊரூரில் ஒரு இலவசப் பள்ளியைத் திறந்தார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் பாமர மக்களின் கல்வியை நாட்டின் முதற்கடனாக வற்புறுத்தியபோது முனுசாமிக்கு வயது ஏழு.

காலம் அவ்வாறு சிறிது சிறிதாக இளகத் தொடங்கியிருந்த நேரம். முனுசாமி தொடக்கக் கல்வியை முடித்துவிட்டு, திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனார் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். உண்டி, உறையுள், புத்தகம் அனைத்தும் கிடைத்தன. நினைவாற்றல் மிக்க மாணவராக விளங்கிய அவர் விவிலியத்தையும் நன்கு கற்றுப் பரிசு பெற்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். அங்கே அவருக்குச் சிகாமணி என்று ஒரு பெயரும் வழங்கியது. மதம் மாறினால் மேற்படிப்புக்கு வழி உண்டு என்ற நிலை வந்தபோது அவர் இணங்கவில்லை. பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நடுநிலையோடு சொல்ல வேண்டும். அந்த மிஷன் பள்ளி இல்லையேல் முனுசாமிக்கு உயர்கல்வியின் வாயிலே தெரிந்திராது. கோயில் வீதிகளும் திண்ணைப் பள்ளிகளும் அவரை உள்ளே அழைக்கவில்லை; அழைத்தவர்கள் அவர்கள்தாம். அதே சமயம், சோறும் எழுத்தும் தருபவர் அதற்கு விலையாக உள்ளத்தை எதிர்பார்க்கும்போது ஒரு சிறுவன் படும் வேதனையை அவர் முழுமையாக அறிந்தார். பின்னாளில் அவர் தாமே ஒரு விடுதியும் பள்ளியும் நடத்தியபோது, பிறந்த சமயத்தை விடாமலே, யாரிடமும் கடன்படாமலே ஒரு பிள்ளை படிக்க இயல வேண்டும் என்பதில் அத்தனை பிடிவாதமாக இருந்ததற்கு இந்த அனுபவமே வேர் என்று கருதத் தோன்றுகிறது.

அவர் படிப்பை இழந்த வயதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம் கடந்து, படித்ததன் மூலம் உலகை அறியும் பருவம் அது. இன்று நாம் நடுநிலைப் பள்ளி என்று சொல்லும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் காலமும் அதை ஒட்டிய ஆண்டுகளும். ஏழைக் குழந்தைகளின் கல்வி அன்றும் முறிந்தது இங்கேதான், இன்றும் முறிவது பெரும்பாலும் இங்கேதான். ஐந்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளைக்கு எழுத்து தெரியும், வாக்கியம் தெரியாது. பாடத்தை உரக்க வாசிப்பான். என்ன படித்தாய் என்றால் விழிப்பான். வீட்டில் பேசும் தமிழுக்கும் நூலில் உள்ள தமிழுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கை கிடைக்காத பிள்ளை மாடு மேய்க்கவோ மண் சுமக்கவோ போய்விடுகிறான். சில ஆண்டுகளில் கற்ற எழுத்தும் மறந்துவிடுகிறது.

சுரங்கமும் சாதனையும்

குடும்பம் பிழைப்பை நாடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றிருந்தது. முனுசாமியும் அங்கே சேர்ந்து வேலைக்குப் போனார். தங்கவயல் வெறும் கூலிக்காரர் முகாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சயனைட் மேடுகள் வெண்ணிறக் குன்றுகளாக உயர்ந்துகொண்டிருந்த அந்த ஊரில், ஷிப்டு முடித்து வந்த தொழிலாளர்கள் மண்ணெண்ணெய் விளக்கடியில் கூடிப் பத்திரிகை வாசித்தார்கள். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையில் பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய தமிழன் வார இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அவருடைய நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்து அச்சிட்டுப் பரப்பியது. பௌத்தம் ஒருபுறம், சைவ, வைணவ பஜனைக் கூட்டங்கள் மறுபுறம், கிறிஸ்தவத் திருச்சபைகள் இன்னொருபுறம் என்று பல வழிகளில் அம்மக்கள் தங்கள் மானத்தைத் தேடினார்கள். அயோத்திதாசரின் வழியும் சகஜானந்தரின் வழியும் வேறு வேறு. முன்னவர் புத்தரிடம் சென்றார். பின்னவர் நடராஜப் பெருமானின் சந்நிதியை விட்டு அகல மறுத்தார். ஆனால் எழுத்தறிவு இல்லாத ஒரு சமுதாயத்தை எவரும் ஏமாற்றலாம் என்பதில் இருவரும் ஒரே கருத்தினர்.

முனுசாமி பகலில் வேலை செய்தார். இரவில் வேதாந்த விசாரணையிலும் சாதுக்களின் சத்சங்கத்திலும் ஈடுபட்டார். உலகியலில் பற்று குறைந்தது. இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை. தங்கவயலை விட்டுப் புறப்பட்டு, குருவைத் தேடிச் சென்னை வியாசர்பாடியை அடைந்தார். அங்கே எழுந்தருளியிருந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகள் அவரைச் சீடராக ஏற்றார். கையையே பாத்திரமாகக் கொண்டு பிட்சை ஏற்றதால் அம்மகானுக்கு அப்பெயர். சாதி வேற்றுமை பாராமல் சீடரை ஏற்ற அவரே முனுசாமிக்குச் சகஜானந்தர் என்ற திருநாமத்தைச் சூட்டினார்.

தமிழ் வேதாந்த மடங்களில் பாடம் கேட்கும் முறையைப் பற்றி இங்கே ஓரளவு விரித்துச் சொல்வது தகும். கைவல்ய நவநீதம் போன்ற நூலை எடுத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு செய்யுளைப் படிப்பார். மாணவர் அதைப் பதம் பிரிப்பார். எழுவாய் எது, பயனிலை எது, இச்சொல் எதனோடு முடிகிறது என்று கொண்டுகூட்டிப் பொருள் சொல்வார். ஐயம் எழுந்தால் ஆசிரியர் தெளிவிப்பார். மறுநாள் மாணவரே முழுவதையும் விளக்க வேண்டும். பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் இராது. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இராது. எனவே பொருள் விளங்காதவனால் அதை வாசிக்கவே இயலாது! அச்சுப் புத்தகம் வந்தபின் பொருள் விளங்காமலே வாசிக்கும் வித்தை எளிதாகிவிட்டது. நம் பள்ளிக் குழந்தைகள் பலர் அதில் தேர்ந்துவிடுகிறார்கள். மிஷன் பள்ளியின் அச்சுப் பாடநூலையும், மடத்தின் பாடம் கேட்கும் மரபையும் ஒருங்கே அறிந்தவராகச் சகஜானந்தர் இருந்தது ஒரு தற்செயல்தான். ஆனால் ஆசிரியராக அமையப் போகிறவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறு என்ன?

தில்லையில்

குருவின் கட்டளையை ஏற்று 1910-ஆம் ஆண்டு அவர் சிதம்பரம் வந்தார். வயது இருபது. ஏன் சிதம்பரம்? திருநாளைப்போவாரின் ஊர் அது என்பதே விடை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தனார், நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கி, இறுதியில் தீப்புகுந்து தூயராகித் தில்லைக் கூத்தனோடு கலந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் அக்கதை வீடுதோறும் பரவியது. நந்தனார் தீயில் மூழ்கிய இடம் என்று மரபு வழங்குவது ஊரின் ஓரத்திலுள்ள ஓமக்குளம். சகஜானந்தர் தம் மடத்தை அமைத்தது அங்கேதான். நாயன்மாராக வணங்கப்படும் நந்தனாரின் இனத்தார், அவர் பெருமான் உறையும் ஆலயத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அந்த இளம் துறவியின் நெஞ்சைத் தைத்த முள்.

ஆனால் அவர் முதலில் கோயில் கதவைத் தட்டவில்லை. பள்ளியைத் திறந்தார்.

சிதம்பரம் கல்விக்குப் புதிய ஊர் அன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-லேயே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். படிப்படியாக வகுப்புக்கேற்ற வாசக நூல்களாகப் பாலபாடங்களை எழுதித் தமிழ்ப் பிள்ளைகளின் வாசிப்புக்கு நல்ல வழி வகுத்தவர் அவர். 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியும், 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அவ்வூரில் தோன்றின. ஆனால் அந்நாளைய சமூகக் கட்டுப்பாட்டில், சேரிக் குழந்தை அந்தக் கல்வி வீதிக்குள் நுழைவதற்கு முதல் படி இல்லை. அந்த முதல் படியைத்தான் சகஜானந்தர் கட்டினார். 1916-ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, இருபத்தைந்து பிள்ளைகளுடன் பள்ளியைத் தொடங்கினார்.

இருபத்தைந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒவ்வொரு பிள்ளையின் பின்னும் ஒரு வாதம் இருந்திருக்கும் என்பதை நினைக்க வேண்டும். பண்ணையாருக்கு ஒரு வேலைக்காரப் பையன் குறைகிறான். தாய்க்கு ஓர் ஆள் கூலி குறைகிறது. படித்து என்ன ஆகப் போகிறது என்ற கேள்விக்குக் காட்டுவதற்கு எடுத்துக்காட்டுகள் இல்லை. நன்செய் வளம் மிக்க அந்தக் கொள்ளிடக் கரைப் பகுதியில் நடவும் அறுப்பும் வரும்போதெல்லாம் வகுப்பு காலியாகும் வாய்ப்பு உண்டு. ஆகவே பகற்பள்ளி மட்டும் போதாது, விடுதி வேண்டும். விடுதி என்றால் அரிசி வேண்டும். துறவி கையேந்தித் திரட்டினார். பிற சாதியினரான நல்லுள்ளம் படைத்தவர்கள் உதவினார்கள்; அவர்களை அவர் ஒருபோதும் பகைவராகக் கருதவில்லை. எதிர்ப்பும் ஏளனமும் இருந்தன. அவற்றைப் பற்றி இங்கே நீட்ட வேண்டியதில்லை.

பள்ளி வளர்ந்தது. தொடக்க நிலையோடு நில்லாமல் மேல் வகுப்புகளுக்கு ஏறி, காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியாயிற்று. பெண் குழந்தைகளுக்கும் தனிப் பள்ளியும் விடுதியும் அமைந்தன. எந்த வகுப்பில் தம் படிப்பு தளர்ந்து முறிந்ததோ, அந்த வகுப்புகளைத் தாண்டி ஒவ்வொரு பிள்ளையையும் கரையேற்றுவதில் சுவாமிகள் காட்டிய கருத்து இயல்பானதே. அரிச்சுவடி கற்பித்து அனுப்பிவிடும் பள்ளிகள் வேறு இடங்களிலும் இருந்தன. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று எண்ணிய காலம் அது. பத்திரத்தைப் படித்து அதில் உள்ள வஞ்சத்தைக் கண்டுபிடிக்கவும், மனு எழுதவும், தேவாரத்தைப் பொருளுணர்ந்து ஓதவும் வல்ல எழுத்தறிவே நந்தனார் பள்ளி போன்ற ஒரு முயற்சிக்குப் பொருள் தருவது. விடுதியில் வழிபாடும் ஒழுக்கமும் தூய்மையும் பாடத்தோடு இணைந்திருந்தன. ஜோதி என்ற பத்திரிகையையும் சுவாமிகள் நடத்தினார். எழுதப் படிக்கக் கற்றவர்களுக்குப் படிக்க ஏதேனும் வேண்டுமல்லவா!

1927-ஆம் ஆண்டு தமிழகச் சுற்றுப்பயணத்தின்போது காந்தியடிகள் சிதம்பரம் வந்தார். நந்தனாரின் பக்தியில் பெரிதும் ஈடுபாடு கொண்டிருந்த அவருக்கு இந்தப் பள்ளியும் மடமும் மகிழ்ச்சி அளித்ததில் வியப்பில்லை. நந்தனார் மடத்தில் சிவலோகநாதருக்கு ஆலயமும் எழுந்தது. பள்ளியும் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் அமைப்பு சுவாமிகளின் உள்ளத்தையே படம் பிடித்துக் காட்டுவது.

சட்டசபையில் ஒரு காவியுடை

1926-ஆம் ஆண்டு முதல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகப் பணியாற்றும் வாய்ப்பு அவருக்கு வந்தது. துறவிக்குச் சட்டசபை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். அவர் அங்கே எழுப்பியவை பெரும்பாலும் கல்வி, விடுதி, உதவித்தொகை, குடியிருப்பு மனை, குடிநீர், மதுவின் கேடு ஆகியவை குறித்த பேச்சுகளே. ஒரு கிராமத்துப் பிள்ளைக்குச் சம்பளச் சலுகை மறுக்கப்படுவது மாநிலம் முழுவதையும் ஆள்வோருக்கு அற்பமாகத் தெரியலாம். அந்தப் பிள்ளைக்கோ அதுவே வாழ்வும் தாழ்வும். தாமே ஒரு காலத்தில் அந்தப் பிள்ளையாக இருந்தவர் பேசும்போது அவையில் அதற்குத் தனி எடை இருந்தது.

1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதுகாறும் புறத்தே நின்ற தம் மக்களுடன் சுவாமிகள் தில்லை நடராஜர் ஆலயத்துள் சென்று வழிபட்டார். சிதம்பரம் வந்து முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த பின் நிகழ்ந்தது அது. அன்று அவருடன் சென்ற கூட்டத்தில், 1916-இல் மணலில் அகரம் எழுதியவர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் என்று எண்ணுவது தவறாகாது. கதவைத் தட்டுவதற்கு முன் பள்ளியைத் திறந்த அந்த வரிசைமுறையைப் பற்றிச் சிலர் குறை கூறுவதுண்டு. மிகவும் பொறுமை காட்டினார், இன்னும் உரத்துப் போராடியிருக்கலாம் என்பார்கள். அவரைப் போன்றே பிறந்து அவரைவிடக் கடுமையாகப் போராடியவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஆயினும், விடுதியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மறுவேளைச் சோற்றை உறுதி செய்ய வேண்டியவரின் பொறுமையை வெறும் சாந்த குணம் என்று மட்டும் கொள்ள முடியாது.

விடுதலைக்குப் பின் 1952-இலும் 1957-இலும் நடந்த தேர்தல்களில், அன்று இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த சிதம்பரத்திலிருந்து அவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீப்பில் இன்று நீர் நிற்கிறது. அங்கிருந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். தங்கவயலில் சகஜானந்தர் கழித்த ஆண்டுகளுக்கு அங்கே அடையாளம் ஒன்றும் தேடிக் காண்பது எளிதன்று. சிதம்பரத்தில் நிலை வேறு. ஓமக்குளத்து நந்தனார் பள்ளிகள் அரசின் பொறுப்பில் தொடர்ந்து நடைபெறுகின்றன. சுவாமிகளுக்கு அவ்வூரில் மணிமண்டபம் எழுந்துள்ளது. ஜனவரி 27-ஆம் நாள் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.

1959-ஆம் ஆண்டு மே முதல் நாள் அவர் மகாசமாதி அடைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. சட்டமன்ற உறுப்பினர் பதவியும் பள்ளிப் பொறுப்பும் கடைசி வரை அவரிடமே இருந்தன. கோடை விடுமுறை நாட்கள் அவை. அடுத்த மாதம் பள்ளி திறந்தபோது ஆறாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் அவரைப் பார்த்திருக்கவில்லை.